தரைத்தளம் யாருக்கு?

ஆவடி என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1955 ஜனவரி நினைவுக்கு வரும். யு. என். தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தது இவ்வூரில்தான். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. வீடுகள் பெருகின. 2019இல் ஊர் மாநகராட்சியானது. இவ்வளர்ச்சியை நாம் பெரும்பாலும் மனை விலையைக் கொண்டே அளக்கிறோம். வாசற்படிகளைக் கொண்டும் அளந்து பார்க்கலாம்.

இங்கே வீடு கட்டுபவரின் முதல் கவலை மழைநீர். ஏரிகள் சூழ்ந்த நிலம். 2015, 2023 வெள்ளங்களை யாரும் மறக்கவில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போடும் வழக்கத்தால் தெரு உயர உயர வீடு பள்ளமாகிறது. எனவே அடித்தளத்தை மூன்றடிக்கு உயர்த்துகிறார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளமோ, ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீள வேண்டும் என்பது விதி. மூன்றடிக்கு முப்பத்தாறு அடி. இடையில் இளைப்பாறச் சமதளமும் வேண்டும். அரை கிரவுண்டு மனையின் நீளமே நாற்பது அடிதான். வீட்டைக் கட்டுவதா, சாய்தளத்தைக் கட்டுவதா என்ற கேள்வி வெறும் சாக்கு அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

சட்டமும் நெடுங்காலம் இப்படித்தான் தயங்கியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களில் சாய்தளம் கேட்டது. ஆனால் அரசின் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்றொரு நிபந்தனையையும் சேர்த்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதவை அடைக்க முயன்றது. அணுகல் விதிகளுக்கு ஒவ்வாத வரைபடத்தோடு வரும் எந்த நிறுவனத்துக்கும் கட்டட அனுமதி இல்லை. வீட்டுத் திட்டங்களில் ஐந்து விழுக்காடு ஒதுக்கீடு. எனினும் விதிகளில் இருந்தவை பெரிதும் பரிந்துரைகளே என்று கண்ட உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, மீற முடியாத விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது.

பிற நாடுகளும் இந்தத் தராசைப் பிடித்துப் பார்த்திருக்கின்றன. அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், நான்கு வீடுகளோ அதற்கு மேலோ கொண்ட புதிய கட்டடத்தில் மின்தூக்கி இல்லையெனில் தரைத்தள வீடுகளை மட்டும் கணக்கில் கொண்டது. பிரான்ஸ் 2018இல், புதிய அடுக்ககங்களில் ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் முழுமையாக அணுகத்தக்கவையாக இருந்தால் போதும், மற்றவை எளிய வேலையால் மாற்றிக்கொள்ளும்படி அமையட்டும் என்று இறங்கிவந்தது. வீடு குறைந்துவிடும் என்பது ஒரு தரப்பின் அச்சம். உரிமை குறைந்தது என்பது மறுதரப்பின் வருத்தம்.

நம் ஊரில் இந்தத் தராசு வேறு பக்கம் சாய்ந்தது. தரைத்தளத்தைத் தூண்களில் நிறுத்தி வாகனங்களுக்கு விட்டால் அப்பரப்பு தளப்பரப்புக் கணக்கில் சேராது. ஆகவே கார் தெருமட்டத்திலேயே உறங்க, மனிதர்கள் படியேறுகிறார்கள். ஆனால் இதே அமைப்பில் விடையும் இருக்கிறது என்பது நம் எண்ணம். மண்ணைக் கொட்டி உயர்த்தாமல் தூணில் உயர்த்திய வீட்டுக்கு முப்பத்தாறு அடிச் சாய்தளம் தேவையில்லை. நாற்காலி நுழையும் அளவில் ஒரு மின்தூக்கி போதும். அதற்குமேல் வேண்டியது, குளியலறைக்கு வழக்கமான இரண்டரை அடிக் கதவுக்குப் பதிலாக மூன்றடிக் கதவு. வரைபடத்தில் அது ஒரு கோட்டை அரையடி நகர்த்தும் வேலை. வீடு எழுந்தபின் சுவரை இடிக்கும் வேலை.

ஆவடி மாநாட்டுக்கு முந்தைய ஆண்டு, 1954இல், வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மருத்துவமனை அவர் முயற்சியின் பயன். தண்டுவடம் முறிந்தவரை உயிரோடும் தொழிலோடும் மீட்டுத்தர மருத்துவம் அன்றே கற்றுக்கொண்டது. அப்படி மீண்டவர் வாடகைக்கு வீடு தேடி இன்று ஆவடிக்கு வந்தால், எத்தனை வாசல்களில் நுழைய முடியும்? எல்லோருக்குமான சமுதாயம் என்று தீர்மானித்த ஊரில் கேட்கவேண்டிய கேள்விதான் இது. நாளை முதுமையில் நாமும் அதே வாசலில்தான் நிற்கப்போகிறோம்.