கனிமவியல் கழகமும் அரிட்டாபட்டிக் குன்றும்

அரபியில் கனிமத்திற்கு ‘மஅதின்’ என்று பெயர். ‘நிலைத்துத் தங்குதல்’ என்னும் பொருளுடைய ‘அத்ன்’ என்ற வேரிலிருந்து பிறந்த சொல் அது. நிலையான சுவனத்தைக் குறிக்கும் ‘ஜன்னாத்து அத்ன்’ என்னும் குர்ஆன் வழக்கும் அவ்வேரினதே.

பூமியில் தங்கியிருப்பதை ஆராயும் கலையில் முஸ்லிம் அறிஞர்களுக்கு நெடிய மரபு உண்டு. கி.பி. 973இல் பிறந்த அல்பிரூனி, ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் தம் நூலை மணிகளுக்கும் உலோகங்களுக்குமென்றே எழுதினார். மூக்குடைய கலத்தில் நீர் நிரப்பி, கல்லை இட்டதும் வழியும் நீரை நிறுத்து, அக்கல்லின் ஒப்படர்த்தியைக் கணித்தார். நிறத்தால் ஒன்றுபோல் தோன்றும் கற்களை எடையால் பிரித்தறிய இம்முறை வழிகாட்டியது.

தனிமனிதர் செய்த இப்பணியைப் பிற்காலத்தில் சங்கங்கள் மேற்கொண்டன. பிரிட்டனில் 1876இலும் அமெரிக்காவில் 1919இலும் கனிமவியல் கழகங்கள் தோன்றின. 1958இல் சர்வதேச அமைப்பொன்று மாட்ரிட் நகரில் உருவாயிற்று. நம் நாட்டில் 1851இல் தொடங்கிய புவியியல் ஆய்வுத்துறை அரசுப் பணியாக நிலத்தை அளந்து வந்தது. அறிஞர்கள் தாமாகவே கூடிய இந்தியப் புவியியல் கழகம் 1958இல் பெங்களூரில் அமைந்தது. அடுத்த ஆண்டே, கனிமங்களுக்கென்றே இந்தியக் கனிமவியல் கழகம் மைசூரில் நிறுவப்பெற்றது. மைசூர் அரசு 1894 முதலே தனிப் புவியியல் துறை நடத்திய மண் என்பதை எண்ணினால், இதில் வியப்பில்லை. பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்து, அதனுள் ஒளியைச் செலுத்திக் கனிமங்களை இனங்காணும் துறை இது. உடனடி இலாபம் தராத இவ்வறிவுக்கு ஓர் இல்லம் தேவைப்பட்டது.

மதுரைக்கு இதில் என்ன பங்கு? புவியியலாளர் ‘மதுரைத் தொகுதி’ என்றே பெயரிட்டழைக்கும் தொன்மையான பாறைப் பரப்பின் மீதுதான் நாம் வாழ்கிறோம். கொடைக்கானல் மலையடிவாரக் கெங்குவார்பட்டியில் ‘சஃபிரின்’ என்னும் அரிய கனிமம் கிடைத்துள்ளது. 900 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், பூமியின் ஆழத்தில் அப்பாறைகள் உருமாறியதற்கு அது சாட்சி.

ஆயினும் இவ்வறிவு ஆங்கில ஏடுகளிலேயே தங்கிவிட்டது. 2024 நவம்பரில் மேலூர் வட்டார டங்ஸ்டன் தொகுதி ஏலம் போன செய்தி வந்தபோதுதான், தம் காலடியில் இருப்பதன் பெயரையே பலர் கேள்வியுற்றனர். பழந்தமிழ்க் கல்வெட்டும் சமணச் சின்னங்களும் தாங்கி, 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் நிலமும் அத்தொகுதியில் அடங்கியிருந்தது. மக்கள் திரண்டனர், சட்டமன்றம் 2024 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை இரத்துச் செய்தது.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கனிமத்தை அறிவது வேறு, அகழ்வது வேறு. அறிந்தபின் அகழலாமா, விட்டுவைக்கலாமா என்று தீர்மானிக்கும் உரிமை அம்மண்ணில் வாழ்வோருக்கும் உண்டு. அவ்வுரிமை பொருளுடையதாக வேண்டுமானால், கழகங்கள் சேர்த்த அறிவு தமிழில் ஊர்வந்து சேர வேண்டும். தங்குவதைத் தங்கவிடுவதும் சில வேளைகளில் அறிவின் முடிவாக இருக்கலாம். ‘மஅதின்’ என்னும் சொல் நமக்கு அதையும் நினைவூட்டுகிறது.