கண்டிச்சீமைப் பாதை: வரலாற்றுப் பயணம் ஒன்றின் முன்வரைவு

அயர்லாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்னும் சிற்றூரிலிருந்து தலைநகர் டப்ளின் வரை, பழைய கால்வாய் ஒன்றின் கரையைப் பற்றியவாறு 165 கிலோமீற்றர் நீளமான நடைபாதை ஒன்று செல்கின்றது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அந்நாடு பெரும்பஞ்சத்துள் ஆழ்ந்திருந்த 1847ஆம் ஆண்டில், டெனிஸ் மகோன் என்னும் நிலக்கிழார் தமது காணிகளினின்றும் அகற்றிய 1490 குடியானவர்கள் இவ்வழியே நடத்திச் செல்லப்பட்டு, லிவர்பூல் ஊடாகக் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் கடலிலும், கியூபெக்கின் நோய்த்தடுப்புத் தீவிலும் மாண்டனர். இன்று அப்பாதையில் வெண்கலத்தால் வார்க்கப்பட்ட சிறுவர் காலணிகள் இடையிடையே நிறுத்தப்பட்டுள்ளன. நிலக்கிழாரின் மாளிகை வளவில் 1994ஆம் ஆண்டு முதல் பஞ்ச நூதனசாலை ஒன்று இயங்கி வருகின்றது. வரலாறு நாடி அயர்லாந்து செல்வோர் அங்குள்ள பசும்புல் வெளியையும் அப்புல்வெளியிற் பட்டினியால் வீழ்ந்தோரையும் ஒருங்கே காண்கின்றனர். நாட்டுப்புறக் காட்சி வேறு, வரலாறு வேறு என அவர்களுக்குப் பிரித்துக் காட்டப்படுவதில்லை.

எமது மலையகத்திலோ அவ்விரண்டும் பிரிந்தே கிடக்கின்றன. நான் பிறந்த கினிகத்தேனை, அவிசாவளையிலிருந்து அட்டன் ஊடாக நுவரெலியா செல்லும் பெருவீதியில் மலையேற்றம் முடியும் இடத்தில் உள்ளது. சிவனொளிபாத மலைக்கும் நுவரெலியாவுக்கும் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் எமது கடைத்தெருவைக் கடந்தே செல்கின்றனர். அவர்கள் கைகளிலுள்ள வழிகாட்டி நூல்கள் நீர்வீழ்ச்சிகளைச் சுட்டுகின்றன; தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம்பிடிக்கத்தக்க வளைவுகளையும் சுட்டுகின்றன. எமக்குக் கீழேயுள்ள கித்துல்கலையில், 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படம் எடுக்கப்பட்ட இடமும் தவறாது குறிக்கப்படுகின்றது. சயாம்-பர்மா புகையிரதப் பாதையில் யப்பானியரால் வருத்தப்பட்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதை அது. அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரவராக மடிந்தனர் என்பதைப் படம் பார்த்து அறிய முடியாது. ஒரு தமிழ்த் தொழிலாளர் சீமையில் எழுப்பப்பட்ட பொய்ப்பாலத்துக்கு அடையாளம் உண்டு. அச்சீமையை உருவாக்கியோர் வந்த பாதைக்கு அடையாளம் இல்லை.

எமது சங்கத்து மாணவர் கல்விப் பயணம் ஒன்றினை மேற்கொள்வதாயின், அது எவ்வொழுங்கில் அமைதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா. பேராதனையிலிருந்து மேல்நோக்கிப் புறப்படுவது எளிது, செலவும் குறைவு. எனினும் அவ்வாறு புறப்படுவோர் துரையின் வழியையே பின்பற்றுகின்றனர். கூலியின் வழி தலைமன்னாரில் தொடங்குகின்றது.

கோப்பிப் பயிர்ச்செய்கை கம்பளைப் பகுதியில் 1820களிற் காலூன்றியது. கண்டி நாட்டுக் குடியானவர் தம் வயலைவிட்டுத் தோட்டத்திற் கூலிக்கு நிற்க விரும்பாமையால், தோட்ட முதலாளிகளின் கண் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களின்பாற் சென்றது. கோப்பி அறுவடை ஆண்டிற் சில திங்களே நிகழ்வது. எனவே ஆடி, ஆவணியில் வந்து, பழம் பறித்து, தைமாத நெல்லறுவடைக்கு ஊர் திரும்புவதே தொடக்கத்தில் வழக்கமாயிருந்தது. வந்தோருள் ஆண்களே மிகுதி. பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தை அவர்கள் நடந்தே கடந்தனர். காடு அடர்ந்த வழி, குளத்துநீரே குடிநீர். வாந்திபேதியும் காய்ச்சலும் கூட்டங்கூட்டமாகக் கொன்றன.

எத்தனைபேர் இறந்தனர்? 1840களில் மட்டும் எழுபதினாயிரவர் இறந்திருப்பர் என 1849ஆம் ஆண்டிற் 'கொழும்பு ஒப்சேவர்' இதழ் எழுதியது. வந்தோர் தொகையிலிருந்து திரும்பினோரையும் தோட்டங்களில் எஞ்சினோரையும் கழித்து, கணக்கில் அகப்படாதோருட் பெரும்பாலாரை இறந்தோராகக் கொண்ட மதிப்பீடு அது. ஆதலின் பின்வந்த ஆய்வாளர் அத்தொகையை ஐயுற்றனர். ஐயுறுதல் தகும். ஆயினும் அத்தொகையின் பிழையைவிட அது கணிக்கப்பட்ட முறையே எமது சிந்தனைக்குரியது. ஸ்ட்ரோக்ஸ்டவுனில் அகற்றப்பட்ட 1490 பேரின் பெயர்களும் அப்பண்ணையின் ஆவணங்களில் உள்ளன. இரக்கமற்ற நிலக்கிழாரேயாயினும் குடிவாரக் கணக்குக்காக அவர் பெயரை எழுதிவைத்தார். எம்மவரைப் பொறுத்தவரையிற் பெயர் கங்காணியின் நினைவில் இருந்தது. அரசின் ஏட்டில் தலையெண்ணிக்கை மட்டுமே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள்கட்டி வந்தோருக்குத் தோட்ட அடையாளமும் இலக்கமும் பொறித்த தகரச்சீட்டு வழங்கப்பட்டதும் இப்போக்கின் தொடர்ச்சியே. தொழிலாளி ஒருவர் பட்ட கடனைக் குறித்து, அவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்ற உதவிய 'துண்டு' என்னும் சீட்டு 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது.

அயர்லாந்துப் பஞ்சமும் மன்னார்ப் பாதைச் சாவுகளும் ஒரே பத்தாண்டில், ஒரே முடியாட்சியின் கீழ் நிகழ்ந்தவை என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக விளங்கிய எமர்சன் தெனன்ற் பெல்பாஸ்ற் நகரத்தவர். இலங்கை பற்றி இரு பாகங்களிற் பெருநூல் இயற்றியவர். பஞ்சம் தின்னும் தாயகத்திலிருந்து வந்தவர் வழியோரச் சாவுகளை எவ்வாறு நோக்கினார் என்பது தனியே ஆராயத்தக்கது.

பாதையை மீள நடக்கும் எண்ணம் புதியதன்று. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக 2023ஆம் ஆண்டு யூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. ஆண்டுக்கொருமுறை எவரேனும் அவ்வாறு நடப்பின் அதுவே ஒரு கல்வெட்டாகும். மாணவராகிய நாம் முழுத்தூரமும் நடத்தல் இயலாதெனின், முருங்கனிலிருந்து மடுச்சந்தி வரையிலேனும் நடத்தல் நன்று. பேருந்தின் சாளரத்தூடே நோக்குவோனுக்கு அவ்வெயில் விளங்காது. பாதையின் முடிவில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைக் காணல் வேண்டும். வழிநடந்து உயிர் தப்பியோரின் அம்மன் மாரியாக இருந்தமை வியப்பன்று. நோய்க்கு அஞ்சியோர் நோயின் தெய்வத்தையே முதலில் நிறுத்தினர்.

மாத்தளையின் பின்னர் ஒருநாளில் இரு நூதனசாலைகளை அடுத்தடுத்துக் காணுமாறு திட்டமிடல் தகும். எமது பல்கலைக்கழகத்தின் பின்னணியாக உயர்ந்துநிற்கும் ஹந்தானையிற் பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றில் 2001ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் உருட்டும் இயந்திரங்களும் நீராவி எந்திரங்களும் எண்ணெய் பூசிப் பேணப்படுகின்றன. கம்பளைக்கு அண்மையிற் பழைய லயமொன்றில் 2007 முதல் இயங்கும் தொழிலாளர் நூதனசாலையிலோ கொழுந்துக்கூடை, கவ்வாத்துக் கத்தி, அம்மி, உரல், பழைய கடிதங்கள் ஆகியன உள்ளன. முன்னதற்குச் செல்லும் கூட்டத்திற் சிறுபகுதியேனும் பின்னதற்குச் செல்லவேண்டும். லயத்து அறையின் அளவைக் கயிறு பிடித்து அளந்து பார்த்த மாணவன் பொருளாதார வரலாற்றை வேறுவிதமாக வாசிப்பான்.

கம்பளையிலிருந்து நாவலப்பிட்டி ஊடாகக் கினிகத்தேனைக்கு ஏறும்போது மழை தொடங்கும். வட்டவளைப் பகுதி இந்நாட்டின் மிகுமழை வீழும் இடங்களுள் ஒன்று. எமது ஊரின் ஒருபுறத்து நீர் மகாவலியையும் மறுபுறத்து நீர் களனியையும் சேர்கின்றது. அயலிலுள்ள அம்பகமுவையில் முதலாம் விசயபாகு மன்னனின் கற்சாசனம் ஒன்றுண்டு. சிவனொளிபாதம் செல்லும் யாத்திரிகருக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்க மன்னன் செய்த ஏற்பாட்டை அது கூறுகின்றது. இவ்வழியில் நடந்தோருக்காகக் கல்லிற் பொறித்த அரசு ஒருகாலத்தில் இருந்தது என்பதை அறிந்து மகிழலாம். பிற்காலத்தார் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை.

1860களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியை எட்டியது. அட்டனை 1884ஆம் ஆண்டிலேயே எட்டியது. இடைப்பட்ட பத்தாண்டில் மேற்சீமைக்குச் சென்றோர் நாவலப்பிட்டியில் இறங்கி இம்மலையை நடந்தே ஏறவேண்டியிருந்தது. அதற்குள் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துவிட்டது. தேயிலை வந்தது. தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. எனவே தொழிலாளியும் ஆண்டு முழுவதும் வேண்டப்பட்டார். கொழுந்துக்குப் பெண்ணின் கை வேண்டப்பட்டது, குடும்பம் வேண்டப்பட்டது. தைக்கு ஊர் திரும்பியவன் திரும்பாதவனாகியது இச்செடியின் இயல்பினாலேயே எனின் அது மிகையன்று. அவன் அந்நியனா, குடிமகனா என்னும் பிற்கால அரசியல் வழக்கின் வேர் இதில் உள்ளது.

அட்டனுக்கு அப்பால் இருநாள் தேவை. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மேலுள்ள வோர்லி தேவாலயம் 1878இற் கட்டப்பட்டது. காசல்ரீ என்பதே வட அயர்லாந்து இடப்பெயர். அத்தேவாலய வளவிலும் பொகவந்தலாவைத் தூய மரியாள் தேவாலய வளவிலும் துரைமாரின் கல்லறைகள் பெயரும் வயதும் ஊரும் தெளிவாகப் பொறிக்கப்பட்டு நிற்கின்றன. பொகவந்தலாவையில் அடங்கியிருப்போருள் ஒருவர் ஜூலியா மார்கரெட் கமரன். உலகறிந்த புகைப்படக் கலைஞர். 1879ஆம் ஆண்டிற் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மறைந்தவர். இலங்கையில் வாழ்ந்த இறுதி ஆண்டுகளில் அவர் தோட்டத் தொழிலாளரையும் படம்பிடித்தார். பிறநாட்டு அருங்காட்சியகங்களில் அப்படங்கள் உள. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் அமர்ந்த புலவரையும் அறிஞரையும் பெயர் சொல்லி அழைக்கின்றோம். இங்கு அவர்முன் நின்ற தமிழ்ப் பெண்ணை எவ்வாறு அழைப்பது? அவள் முகம் எமக்கு எஞ்சியுள்ளது, பெயர் எஞ்சவில்லை. அவளது சுற்றத்தார் புதைந்த இடம் தேயிலை மலையாயிற்று. மஸ்கெலியாவில் இவ்வழிவு வேறொரு வகையில் நிகழ்ந்தது. 1969ஆம் ஆண்டின் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்த பழைய நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் நீர்மட்டம் தாழும் காலங்களில் வெளித்தோன்றுகின்றன. எனவே பயணத்தை வரட்சி மாதங்களில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

போராட்டத்தின் இடங்களைச் சுருங்கக் கூறலாம். கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையாரும் 1931இற் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அட்டனில் வளர்த்தனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தனும், 1977 மேயில் டெவன் தோட்டத்திற் சிவனு லெட்சுமணனும் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியாயினர். ஊர்வலங்களிற் பெயர் சொல்லப்படுவோர் இவர்கள்.

இனி, இப்பாதை ஒருவழிப் பாதையன்று என்பதையும் பயணத் திட்டம் மனங்கொள்ளல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களை 1964 ஒக்டோபரிற் சிறிமாவோவும் சாஸ்திரியும் இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசிக்கொள்வதற்கு. பங்கீட்டின்படி மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிகளை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். பாட்டன் நடந்து வந்த நிலத்தின் ஊடாகவே பேரன் புகையிரதத்தில் திருப்பி அனுப்பப்பட்டான். 1984ஆம் ஆண்டில் இராமேஸ்வரக் கப்பற்சேவை நின்றது. போனோருட் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலைக்கே குடியமர்த்தப்பட்டனர். இங்கு எஞ்சியிருந்த நாடற்றோரின் வழக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே முடிவுற்றது.

ஆகையாற் கையிற் கொண்டுசெல்ல வேண்டியது புகைப்படக் கருவி மட்டுமன்று. ஒரு கொப்பியும் வேண்டும். தோட்டந்தோறும் செக்றோல், பிறப்பு இறப்புப் பதிவேடு, கோயில் வரவுசெலவுக் கணக்கு, வீட்டுப் பெட்டியடியிற் பழைய கடவுச்சீட்டு ஆகியன உளவா என வினவுதல் வேண்டும். எண்பது வயது கடந்த பாட்டிமாரிடம், அவர்தம் பாட்டியின் பெயரையும், அவர் எவ்வூரிலிருந்து, எந்தக் கங்காணியின் ஆளாக வந்தார் என்பதையும் கேட்டு எழுதுதல் வேண்டும். லயங்கள் இடிந்து புதுவீடுகள் எழுகின்றன, அது நற்செயலே. இடியுமுன் பரணிற் கிடக்கும் தாள்களைப் பார்த்துவிடல் நன்று. கினிகத்தேனையைச் சூழ்ந்த தோட்டங்களில் இப்பணியைத் தொடங்க விரும்பும் நண்பர்க்கு எம்மில்லத்தில் இடம் உண்டு. வட்டவளை மழையை முன்னிட்டுத் தைமாதம் பிறந்தபின் வருதலே உகந்தது.