தண்டுப் பக்கத்து வெறுங்கால்கள்

சுதந்திர பாரதம் கலந்துகொண்ட முதல் இரண்டு ஒலிம்பிக் விழாக்களில், அதாவது 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும், நமது கால்பந்து அணி ஆடியவை இரண்டே ஆட்டங்கள். போட்ட கோல்களும் இரண்டுதான். முதல் கோலைப் போட்டவர் மைசூர் சமஸ்தானத்து ஆட்டக்காரரான சாரங்கபாணி ராமன். இரண்டாவதைப் போட்டவர் பெங்களூர் அகமது கான். இரு ஆட்டங்களிலும் தோற்றோம் என்பதும், நம்மவரில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமலே களத்தில் இறங்கினார்கள் என்பதும் பிரசித்தமான சங்கதிகள். கோல் போட்ட இருவரும் ஒரே செம்மண் சீமையில் பழகியவர்கள் என்ற விஷயத்தைத்தான் சரித்திரம் எழுதுகிறவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலப் பட்டாளம், அவ்வூர்க் காய்ச்சலுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல், 1809 வாக்கில் பெங்களூருக்கு ஜாகையை மாற்றிக்கொண்டது. பழைய பேட்டைக்குக் கிழக்கே, அல்சூர் ஏரியை ஒட்டி விரிந்த அந்தப் புதிய பட்டணத்துக்குத் 'தண்டு' என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். சிவாஜி நகரில் கோயில் கொண்டிருக்கும் தண்டு மாரியம்மன் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறாள். பட்டாளத்தின் பின்னாலேயே சென்னை ராஜதானியிலிருந்து சரக்கு விநியோகிப்பவர்களும், துபாஷிகளும், கொத்தனார்களும், வண்ணார்களும், சமையற்காரர்களும், சிப்பாய்களும் வந்து குடியேறினார்கள். அவர்களில் தமிழரே மிகுதி. 'சாப்பர்' எனப்பட்ட சென்னைப் பொறியியல் படையும் அல்சூர்ப் பக்கமே நிலைகொண்டது. மைசூர் மகாராஜாவின் ஆட்சிக்கு நடுவே தனியொரு தீவாக, 1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் திரும்ப ஒப்படைக்கப்படும் வரையில், தண்டு ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்திலேயே இருந்து வந்தது.

பட்டாளம் இருக்கும் இடத்தில் கவாத்து மைதானம் இருக்கும்; கவாத்து முடிந்த சாயங்கால வேளையில் அதே மைதானத்தில் கோரா சிப்பாய்கள் பந்து உதைப்பார்கள். வேலிக்கு வெளியே நின்று அதை வேடிக்கை பார்த்த பிள்ளைகள் அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் ஆகிய குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஆட்டத்தின் விதிகள் முதலில் வந்து சேர்ந்தன. பந்து பிறகு வந்தது. பூட்ஸ் மட்டும் வெகுகாலம் வரவேயில்லை. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய தர்ம ஸ்தாபனத்தைச் சேர்ந்த பள்ளியின் மைதானம் போன்ற திறந்த வெளிகளில்தான் அந்தத் தலைமுறைகள் ஆடிப் பழகின. எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்களின் உள்ளங்காலைப் பதப்படுத்திய அந்தச் சரளைக்கும் செம்மண்ணுக்கும் யாரும் நினைவுக்கல் நாட்டியதாகத் தெரியவில்லை.

பூட்ஸ் வாங்கப் பணமில்லாததால்தான் வெறுங்காலோடு ஆடினார்கள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பணமில்லாமை ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் செருப்பு வாங்க வசதியுள்ளவர்களும் அக்காலத்தில் அதை வீதிக்கு மட்டுமே உரிய பொருளாகக் கருதினார்கள். வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் பெரியவர்கள் முன்னிலையிலும் அதைக் கழற்றிவிடுவதே மரியாதை. இந்த மரியாதையைச் சர்க்கார் தன் சௌகரியத்துக்கு ஏற்றபடி பயன்படுத்திக்கொண்டது. 1854இல் கவர்னர் ஜெனரலின் சபை செய்த தீர்மானத்தின்படி, ஐரோப்பிய பாணியில் பூட்ஸும் காலுறையும் அணிந்து வரும் இந்தியர் அவற்றோடு அரசாங்க வைபவங்களில் பிரவேசிக்கலாம். நாட்டு ஜோடு அணிந்து வருகிறவரோ பழையபடி அதை வாசலிலேயே விட்டுவர வேண்டும். ஆகவே பூட்ஸ் என்பது காலைக் காக்கும் சாதனமாக மட்டும் இருக்கவில்லை. இன்னார் இன்ன அந்தஸ்துடையவர் என்று பறைசாற்றும் சின்னமாகவும் இருந்தது. அதைத் தரித்த சிப்பாய் அணியை, தரிக்காத ஊர்ப் பிள்ளைகள் வென்றபோதெல்லாம் ஜனங்கள் ஏன் அவ்வளவு ஆர்ப்பரித்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி, கல்கத்தாவில் மோகன் பகான் அணியார், ஒருவர் நீங்கலாக எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது எழுந்த கோஷமும் அந்த ரகத்தைச் சேர்ந்ததுதான்.

பேட்டையின் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்படும் கரகத்தைத் தலையில் தாங்கும் பூசாரி, உருவிய வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ, மஸ்தான் தர்கா உட்பட நகரின் பல இடங்களுக்கும் சென்று, பொழுது விடியும் தறுவாயில்தான் திரும்புகிறார். அந்தப் பிரயாணம் முழுவதும் வெறுங்கால் பிரயாணம். அவ்விழாவை நடத்தும் திகள சமூகத்தார், தமிழ்நாட்டிலிருந்து வந்து தோட்டப் பயிரில் தேர்ந்தவர்கள். தண்டில் பந்தாடிய பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் நேர்ச் சம்பந்தம் எதுவும் இருந்ததென்று நான் சொல்ல வரவில்லை. வெறுங்காலோடு நெடுந்தூரம் நடப்பதும் ஓடுவதும் இவ்வூரில் விசித்திரமாகக் கருதப்படவில்லை என்பதற்கு இது சாட்சி, அவ்வளவே.

இனி ஆட்டத்தின் நுட்பத்துக்கு வருவோம். அக்காலத்துப் பந்து தோலால் ஆனது. விதிப்படி 14 முதல் 16 அவுன்ஸ் எடையுள்ளது. அதன் வாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். பூட்ஸ்காரன் அதை விரல்முனையால் குத்தி உதைக்கலாம். வெறுங்காலன் அப்படிச் செய்தால் விரல் முறியும். ஆகவே அவன் புறங்காலாலும் பாதத்தின் உட்பக்கத்தாலும் மட்டுமே பந்தைத் தொடக் கற்றான். தம்புரா மீட்டுகிறவனின் விரல் தந்தியின் அதிர்வை அறிவதுபோல் அவன் கால் பந்தின் சுழற்சியை அறிந்தது. பந்தை வெகுதூரம் அனுப்புவதைவிடக் காலுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு எதிரியைச் சுற்றி வருவதில் அவனுக்குத் தேர்ச்சி அதிகம். ஆணி பதித்த பூட்ஸ் தன் காலை மிதித்துவிடும் என்ற அச்சமும் அவனுக்கு ஓர் ஆசானாக அமைந்தது. மோதலைத் தவிர்த்து நழுவும் வித்தையை அது கற்பித்தது. கணுக்காலில் இறுகச் சுற்றிய துணிப்பட்டைதான் அவனுடைய ஒரே கவசம். அகமது கானின் ஆட்டத்தைக் கண்ட கல்கத்தா ரசிகர்கள் அவருக்குப் 'பாம்பாட்டி' என்று பட்டம் சூட்டினார்கள். பட்டப் பெயர்கள் பெரும்பாலும் மிகையானவை. இவர் விஷயத்தில் அப்படிச் சொன்னவரைக் காண்பது அரிது.

இந்த வித்தைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தரை உலர்ந்திருக்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், சேறு கட்டாத செம்மண் தரையில், மிதமான வெயிலில் ஆடும் பெங்களூர்க்காரனுக்கு அது இயல்பாகக் கிடைத்தது. கல்கத்தாவின் பந்தாட்டப் பருவமோ மழைக்காலத்தில் வருவது. நனைந்த புல்லில் வெறும் பாதம் வழுக்கும்; ஆணி பூட்ஸ் பற்றி நிற்கும். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் கல்கத்தா லீக்கை வென்ற மகமதன் ஸ்போர்ட்டிங் அணியார் இதை உணர்ந்து, மழை நாட்களில் பூட்ஸ் அணியத் தொடங்கினார்கள். வெறுங்கால் ஆட்டத்தின் முடிவுக்கான முதல் அறிகுறி அதுவே என்பது என் அபிப்பிராயம். ஹெல்சிங்கிக்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பாகவே, வெற்றியையே குறியாகக் கொண்ட இந்தியர்கள் சிலர் அந்த முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

பம்பாயில் 1891 முதல் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பை வெகுகாலம் வெள்ளைப் பட்டாளங்களின் தனிச் சொத்தாக இருந்தது. அதை முதன் முதலாக வென்ற இந்திய அணி கல்கத்தாவைச் சேர்ந்ததன்று. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அதை வென்றது. மறு வருஷமும் வென்றது. அதற்குப் பிறகு பெங்களூர் ஆட்டக்காரர்களுக்குக் கிராக்கி ஏறியதில் வியப்பில்லை. லட்சுமிநாராயணன், முருகேஷ் முதலியோர் 1930களிலேயே ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஆடச் சென்றவர்கள். 1949 முதல் அதே அணியில் அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே, வெங்கடேஷ் என்ற ஐவர் முன்வரிசையில் ஆடி, 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் பெற்றார்கள். ஐவரும் தென்னாட்டவர், அகமது கானும் வெங்கடேஷும் பெங்களூரிலிருந்து போனவர்கள். 1949 முதல் மூன்று வருஷங்கள் தொடர்ச்சியாக ஐ.எப்.ஏ. கேடயம் அவர்கள் அணிக்கே கிடைத்தது. மாகாண அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை 1946இல் வங்காளத்திடமிருந்து பறித்த மைசூர் அணி, 1952இலும் அதையே செய்தது.

1948ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி லண்டனையடுத்த இல்பர்டு மைதானத்தில் பிரான்சை எதிர்த்து நம்மவர் ஆடியபோது, முதற் பாதியில் பிரான்சு ஒரு கோல் போட்டது. எழுபதாவது நிமிஷத்தில் ராமன் அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒன்று போட்டு வென்றது. இடையே நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாயின. காலில் பூட்ஸ் இருந்திருந்தால் அவை கோலாகியிருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பெனால்டியைத் தவறவிடுவதற்குப் பூட்ஸ் ஒரு தடையாக இருந்ததில்லை என்பதை உலகக் கோப்பை ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்த அணியில் ஆடிய சைலேன் மன்னாவின் கால் இரும்பாலானதா என்று பார்க்க ஆறாம் ஜார்ஜ் மன்னரே ஆடையைத் தூக்கிக் காட்டச் சொன்னார் என்ற கதையும் அந்தப் பிரயாணத்தில் பிறந்ததே. சுவையான கதை, அதற்கு மேல் அதை நம்பவேண்டிய அவசியமில்லை.

அதைவிடப் பெரிய கதை 1950ஐப் பற்றியது. பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு, மற்ற நாடுகள் விலகிக்கொண்டதால் இந்தியா தகுதி பெற்றும், வெறுங்காலோடு ஆட அனுமதி கிடையாது என்று சர்வதேசச் சம்மேளனம் சொல்லிவிட்டபடியால் நாம் போகவில்லை என்பது இன்றும் பள்ளிப் பிள்ளைகள் வரை பரவியிருக்கும் நம்பிக்கை. உண்மை வேறு. பிரயாணச் செலவில் பெரும்பகுதியைப் பிரேசில் ஏற்க முன்வந்தது. நமது கால்பந்துச் சங்கமோ ஒலிம்பிக்கைப் பெரிதாகவும் உலகக் கோப்பையைச் சிறிதாகவும் மதித்தது; நீண்ட கப்பல் பிரயாணம், பயிற்சிக்குக் காலம் போதாமை, அணித் தேர்வுச் சச்சரவு என்று பல காரணங்கள் கூடின. மன்னாவும் பிற்காலத்தில் உலகக் கோப்பைக்கு அன்று அவ்வளவு மதிப்பில்லை என்ற கருத்தையே தெரிவித்தார். கூட்ட அறையில் செய்த கணக்கின் பழியை ஆட்டக்காரனின் பாதத்தின் மீது போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1952ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி ஹெல்சிங்கியில் நேர்ந்ததற்கு மட்டும் பாதமும் ஓரளவு பொறுப்பாளிதான். பின்லாந்தின் குளிர் அந்த அணிக்குப் புதியது. நம் நாட்டில் அக்காலத்து ஆட்டங்கள் எழுபது நிமிஷத்தோடு முடிபவை. அங்கே தொண்ணூறு நிமிஷம் ஓடவேண்டியிருந்தது. எதிரியோ, அவ்விழாவில் வெள்ளிப் பதக்கம் பெறவிருந்த யூகோஸ்லாவியா. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றோம். அந்த ஒன்று, ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் அகமது கான் போட்டது. அதன் பிறகு சங்கம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. முடிவு சரியானது என்றே கருதுகிறேன்; நான்கு வருஷம் கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பெங்களூர் கெம்பையாவும் இடம்பெற்ற அணி நான்காவது ஸ்தானத்தை எட்டியது. ஆனால் பயிற்சியாளர் ரகீமின் திட்டமும் இளைஞர்களின் வேகமும் அந்த ஸ்தானத்துக்குக் காரணமாகையால், பூட்ஸ்தான் எல்லாம் செய்தது என்று சொல்வதும் தவறு.

இதன் பிறகு வெறுங்கால் வேறொரு களத்தில் புகழ் பெறத் தொடங்கியது. 1960இல் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா, ரோமாபுரி வீதிகளில் 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி வென்றார். நான்கு வருஷம் கழித்து டோக்கியோவில் அவரே ஜோடு அணிந்து இன்னும் விரைவாக ஓடி வென்றார். இந்த இரண்டாவது செய்தியை வெறுங்கால் பக்தர்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. பிறகு 2006 வாக்கில் ஐந்து விரல்களுக்கும் தனித்தனி உறை வைத்த மெல்லிய ஜோடு சந்தைக்கு வந்தது. 2009இல் மெக்சிகோ மலைவாசிகளின் ஓட்டத்தைப் பற்றிக் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய நூல் அந்த மோகத்தை உலகெங்கும் பரப்பியது. 2008 முதல் வருஷந்தோறும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும் பெங்களூரில், கப்பன் பூங்காவில் விடியற்காலையில் ஓடுகிறவர்களிடையே அத்தகைய மெல்லடி ஜோடுகளைக் காண்பது இப்போது அபூர்வமன்று. பாதத்துக்கு வலுவூட்டும் என்று தக்க ஆதாரமின்றி விளம்பரம் செய்ததற்காக விரல் ஜோட்டுக் கம்பெனி 2014இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்ட செய்தியும் அந்த மோகத்தின் சரித்திரத்தில் சேர்ந்ததே.

இந்த விவாதத்தில் உருப்படியான சாட்சியத்தை அளித்தது நமது கன்னட நாடுதான். கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் வைத்தியர்களான உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும், நாலு வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைப் பதிவு செய்து, 1992இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவிகிதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, அணியாதவர்களில் 2.8 சதவிகிதத்தினருக்கே இருந்தது. விரல்களை மூடும் ஜோடு அணிந்தவர்களிடம் அது அதிகமாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. மூன்று வருஷம் கழித்து வெளியான இன்னோர் ஆய்வில் வளர்ந்தவர்கள் 1,846 பேரை ஆராய்ந்தபோது, ஆறு வயதுக்கு முன்பே காலணி பூண்டவர்களிடம் 3.24 சதவிகிதமாக இருந்த இக்குறை, பதினாறு வயதுக்குப் பிறகே பூண்டவர்களிடம் 1.75 சதவிகிதமாக இருந்தது.

இக்கணக்கைத் தண்டுப் பிள்ளைகளின் கதையோடு சேர்த்துப் பார்த்தால், முப்பதாவது வயதில் மெல்லடி ஜோடு வாங்கும் உத்தியோகஸ்தருக்கும் அகமது கானுக்கும் உள்ள தூரம் புலப்படும். அகமது கானின் பாதம் விலைக்கு வாங்கியதன்று. குழந்தைப் பிராயத்தில் தரையே பிடித்து வைத்தது. அந்தத் தரையோ இப்போது பெங்களூரில் அருகிக்கொண்டே வருகிறது. கௌதமபுரத்திலும் மர்பி டவுனிலும் இன்றும் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். உலகக் கோப்பைக் காலத்தில் அத்தெருக்கள் பிரேசிலின் மஞ்சளில் தோய்ந்துவிடுகின்றன. ஆனால் அசோக் நகர் கால்பந்து அரங்கில் செயற்கைப் புல் விரித்தாகிவிட்டது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிறு மைதானங்களிலும் அதே விரிப்புதான். சித்திரை வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பு காயும் சூட்டில் வெறும் பாதத்தை வைக்க முடியாது.