நிமிஷத்துக்கு எத்தனை குண்டு? ஜட்லாந்து 1916

போர்க்கப்பல் பற்றிப் பேசினாலே ஒரு கேள்வி வரும்: பெரிய பீரங்கி நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுடும்? புத்தகத்தில் "இரண்டு" என்று போட்டிருக்கும். நான் சர்வர்களோடு வேலை பார்க்கிற ஆள். காகிதத்தில் இருக்கிற வேகத்தை நம்பவே மாட்டேன். லோடு ஏறினால் என்ன ஆகுதுன்னு பார்ப்பேன். அதனால இன்னைக்கு நாமே கணக்குப் போடலாம்.

1916 மே 31, வட கடல். டென்மார்க்கின் ஜட்லாந்து கரைக்கு அப்பால், பிற்பகல் 3.48. டேவிட் பீட்டியின் ஆறு பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள், ஹிப்பரின் ஐந்து ஜெர்மன் கப்பல்கள். இடையில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர்.

அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு குண்டுக்குச் சுமார் 25 வினாடி ஆகும். விழுந்த இடத்தில் தண்ணீர் தூண் மாதிரி எழும்பும். இலக்கைத் தாண்டி விழுந்துச்சா, முன்னாடியே விழுந்துச்சான்னு பார்க்கணும், திருத்தணும், மறுபடி குறி வைக்கணும். நடுவில் புகை வேற. ஒரு சுற்று முடிய முக்கால் நிமிஷம்னு வைங்க. பல நேரம் ஒரு சுற்றுக்குப் பாதிப் பீரங்கிகள்தான் சுடும், மீதி அடுத்த சுற்றுக்கு. அப்போ ஒரு பீரங்கிக்கு ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு குண்டு.

சரி பார்க்கலாமா? குயீன் மேரி கப்பல் 38 நிமிஷத்தில் சுட்டது சுமார் 150 குண்டு என்று மதிப்பிடுகிறார்கள். எட்டுப் பீரங்கி. ஒன்றுக்கு 19, அதாவது இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று! நம்ம கணக்கே கொஞ்சம் தாராளம்தான்.

38 நிமிஷத்தோடு ஏன் நிறுத்தினேன்னா, 4.26க்கு அந்தக் கப்பல் வெடித்துச் சிதறியது. 1,266 பேர் போனார்கள். அதற்கு முன்னே இன்டிஃபேட்டிகபிள், மாலையில் இன்வின்சிபிள். மூன்றிலும் சேர்த்து 3,300 பேருக்கு மேல்.

கவசம் மெல்லிசு என்று ரொம்ப நாள் சொன்னாங்க. கார்டைட் என்ற பிரிட்டிஷ் வெடிமருந்தும் சீக்கிரம் பற்றிக்கொள்ளும் ரகம். ஆனா எனக்கு உறைக்கிறது வேற. 1915 ஜனவரி டாகர் பேங்க் சண்டைக்குப் பிறகு, வேகமா சுட்டால்தான் ஜெயிக்கலாம் என்ற எண்ணம் பீட்டியின் கப்பல்களில் வேரூன்றியது. அதற்காக வெடிமருந்து அறைக் கதவுகளைத் திறந்தே வைத்தார்கள். பட்டுப் பைகளில் இருக்கும் கார்டைட்டை வெளியே எடுத்துப் பீரங்கி வரைக்கும் வழியெல்லாம் அடுக்கினார்கள். மேலே ஒரு தீப்பொறி விழுந்தால், நேரா கப்பலின் வயிற்றுக்கு ஒரு திரி.

ஜெர்மன்காரர்களுக்கு அதே டாகர் பேங்கில் சூடு பட்டிருந்தது. செய்ட்லிட்ஸ் கப்பலின் பின்பக்கப் பீரங்கிக் கோபுரங்கள் இரண்டும், உள்ளே இருந்தவர்களோடு எரிந்துபோயின. வெளியே வைக்கும் மருந்தை அவர்கள் குறைத்துக்கொண்டார்கள்.

பிரிட்டிஷ் பக்கம் இதைக் கவனித்தவர் ஒரு அட்மிரல் இல்லை. பீட்டியின் கொடிக்கப்பலான லயனில் பீரங்கிப் பொறுப்பில் இருந்த வாரன்ட் ஆபீசர் அலெக்சாண்டர் கிராண்ட். ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும், அப்போதைக்கு வேண்டிய மருந்து மட்டும் என்று விதி போட்டார். சுடும் வேகம் குறையாதா என்ற கவலை இருந்தது. குறையவில்லை! பீரங்கியை நிரப்புகிற வேகத்துக்கு, கீழிருந்து தாராளமா அனுப்ப முடிந்தது. தடை மருந்து அறையில் இல்லவே இல்லை. அது மேலே, குறி பார்ப்பதிலும் குண்டு பறக்கும் நேரத்திலும் இருந்தது. எங்க தொழிலில் இந்தத் தப்பைத் தினமும் பார்க்கலாம்: எது மெதுவா இருக்குன்னு அளக்காமலே வேற ஒண்ணை வேகமாக்குவது.

சும்மா சுட்டுத் தள்ளியதில் என்ன கிடைச்சது? அன்று மிக அதிகமா சுட்டது நியூசிலாந்து என்ற கப்பல், 420 குண்டு. பட்டதாகக் கணக்கில் வருவது நாலே நாலு.

லயனுக்கும் அடி விழுந்தது. நாலு மணி வாக்கில் ஒரு ஜெர்மன் குண்டு அதன் 'கியூ' கோபுரத்தைப் பிளந்தது. சாகும் தறுவாயில் இருந்த மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி, மருந்து அறைக் கதவை மூடி உள்ளே தண்ணீர் விடச் சொன்னார். பின்னால் தீ கீழே பாய்ந்தபோது அந்தக் கோபுரத்திலும் அதன் அடியிலும் இருந்தவர்கள் இறந்தார்கள். கதவு மூடியிருந்ததால் கப்பலில் 1,000 பேருக்கு மேல் பிழைத்தார்கள். ஹார்விக்கு இறந்த பிறகு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஜூலையில் லயன், கியூ கோபுரம் இல்லாமலேயே மறுபடி கடலுக்குப் போனது.