சிறந்த டிரைலஜி எது? ஒரு பாறசாலைக்காரனின் ஐந்தொகை

உலகத்திலேயே சிறந்த டிரைலஜி எது? நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பிரியாணி ஆறிவிடும், பேச்சு ஆறாது. இங்கே மஸ்கட்டில் எங்கள் வட்டத்தில் காட்ஃபாதர் கட்சி ஒன்று உண்டு (எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்கள்). பிள்ளைகள் மொத்தமும் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கட்சி. கோழிக்கோட்டு நண்பர் ஒருவர் மட்டும் அசையவே மாட்டார். அவருக்கு டிரைலஜி என்றால் தாசனும் விஜயனும்தான்: நாடோடிக்காற்று (1987), பட்டணப்பிரவேசம் (1988), அக்கரே அக்கரே அக்கரே (1990). துபாய் என்று நம்பித் தோணி ஏறி மெட்ராஸ் கடற்கரையில் இறங்கிய இரண்டு பேர் கதை. வளைகுடாவில் இருப்பவனுக்கு அது வெறும் காமெடி இல்லை என்பதும் உண்மைதான்.

என்னுடைய கட்சியைச் சொல்வதற்கு முன்னால், எதை வைத்து மார்க் போடுவது என்று பார்த்துவிடலாம்.

நான் படித்தது பி.காம்., செய்வது வங்கி வேலை. அதனால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பேரேட்டில் ஒரு பக்கம் முடிந்தால் அதன் இருப்பை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதித்தான் கணக்கைத் தொடர வேண்டும். புதிதாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் அது வேறு கணக்கு. மூன்று படங்களும் அப்படித்தான். முதல் படத்தில் நாயகன் எதை ஜெயித்தானோ, அதற்காக யாரிடம் எதைப் பறித்தானோ, அந்தக் கடன் இரண்டாவது படத்தில் வாசல் கதவைத் தட்ட வேண்டும். மூன்றாவதில் பைசல் ஆக வேண்டும். சிங்கம் மூன்று முறை வந்தது (2010, 2013, 2017). துரைசிங்கத்துக்கு ஒவ்வொரு முறையும் புது எதிரி, புது ஊர். பார்க்க ஜாலியாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பழைய பாக்கி என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

காட்ஃபாதரில் (1972) மைக்கேல் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் துப்பாக்கியை எடுக்கிறான். இரண்டாம் பாகத்தில் (1974) அதே குடும்பத்தை அவனே அழிக்கிறான். முதல் படத்தின் வரவு இரண்டாவதில் பற்றாக மாறுகிறது. மூன்றாம் பாகம் 1990-ல் வந்தது. கணக்கு முடிந்த பிறகு ஒட்டிய இணைப்புச் சீட்டு மாதிரி இருந்தது என்று பலருக்கும் குறை. கொப்போலாவுக்கும் மனசு ஆறவில்லை போலிருக்கிறது, 2020-ல் வெட்டி ஒட்டி வேறு பெயரில் மறுபடி வெளியிட்டார்.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கட்சிக்காரர்கள் கோபப்படக் கூடாது. அது 1954-55-ல் மூன்று புத்தகமாக வந்தாலும் டோல்கீன் அதை ஒரே புத்தகமாகத்தான் நினைத்தார். மூன்றாகப் பிரித்தது பதிப்பாளரின் வசதி. பீட்டர் ஜாக்சனும் மூன்றையும் சேர்த்தே படம் பிடித்தார். மூன்றாவது படம் 11 ஆஸ்கர் வாங்கியது. பிரமாதமான வேலைதான். ஆனாலும் அது ஒரு நீளப் படத்தின் மூன்று துண்டு.

என் ஓட்டு சத்யஜித் ராயின் அப்பு படங்களுக்கு. பாதேர் பாஞ்சாலி (1955), அபராஜிதோ (1956), அபுர் சன்சார் (1959). இரண்டாவது படம் கல்கத்தாவில் சரியாக ஓடவில்லை, ஆனால் 1957-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. அதில் படிக்கப் பட்டணம் போன மகன் ஊருக்கு வந்து சேர்வதற்குள் தாய் இறந்துவிடுகிறாள். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மில் யாரும் அந்த இடத்தை சும்மா தாண்டிப் போக முடியாது. அந்த மரணம் அப்புவின் கணக்கில் ஏறி, மூன்றாவது படத்தில் அவன் பெற்ற பிள்ளையிடம்தான் தீர்கிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த அளவுகோலில் ராயின் படங்களுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரு டிரைலஜி எங்கள் ஊர் மண்ணிலேயே இருக்கிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, பத்மநாபபுரம் என்று நம்மில் பலர் லீவுக்குப் போகும்போது காரில் தூங்கிக்கொண்டே தாண்டும் அதே வழியில். படமாக அது முழுசாக வரவே இல்லை. வராமல் போன கதையும் ஒரு படத்துக்குக் காணும்.

சி.வி.ராமன் பிள்ளை (1858-1922) திருவிதாங்கூர் அரசு வேலையில் இருந்தவர், அரசு அச்சகத்தின் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். எழுதியது மலையாளத்தில். மார்த்தாண்டவர்மா 1891-ல் வந்தது, அச்சடித்தது சென்னையில். அடுத்த பாகத்துக்கு வாசகர்கள் 22 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது: தர்மராஜா, 1913. பிறகு 1918-ல் தொடங்கி ராமராஜபகதூர். முதல் நாவல் எழுதும்போது இளைஞர், கடைசியை முடிக்கும்போது அறுபதைத் தொட்டவர்.

முதல் நாவலின் விஷயம் வாரிசுச் சண்டை. 1729-ல் ராமவர்மா மகாராஜா இறக்கிறார். திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம். ராஜாவின் பட்டம் மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்கு. ராஜாவின் மக்களான தம்பிமார் இருவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாட்டில் பாதி அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் மருமகனுக்கு எதிராக நின்றார்கள். மருமகன் மார்த்தாண்டவர்மா காடு மேடெல்லாம் ஒளிந்து திரிந்தார். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவில் வளாகத்தில் அம்மச்சிப் பிலா என்று ஒரு பட்டுப்போன பிலா மரத்தண்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். துரத்தி வந்தவர்களிடமிருந்து அந்த மரப்பொந்தில்தான் ராஜா ஒளிந்தார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சி.வி. அதே காட்சியை பத்மநாபபுரத்தை ஒட்டிய சாரோடு பக்கம் வைத்தார். வழி காட்டுவது ‘பைத்தியக்காரச் சாந்நான்’ வேஷத்தில் திரியும் ஒருவன்.

மருமகன் ஜெயித்தார். 1758 வரை ஆண்டார். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். 1750-ல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்தார். இதெல்லாம் வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தில் தம்பிமார் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமார் வீடுகள் அழிந்தன. அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரைக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள் என்று சொல்வார்கள்.

வேறு எழுத்தாளராக இருந்தால் குளச்சல் வெற்றியை இரண்டாம் பாகமாக எழுதியிருப்பார். சி.வி. எழுதவில்லை. தர்மராஜாவில் அவர் திறப்பது பற்றுப் பக்கத்தை. அடுத்த ராஜா கார்த்திகைத் திருநாளின் (1758-1798) காலம். நாடே கும்பிடும் ஒரு யோகி வருகிறார், ஹரிபஞ்சானனன். அந்தக் காவி உடைக்குள் இருப்பது அழிக்கப்பட்ட பிள்ளைமார் வீடுகளில் ஒன்றின் வாரிசு. பழி வாங்க வந்தவர். சி.வி. அவரை மலிவான வில்லனாக ஆக்கவில்லை என்பதுதான் முக்கியம். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, படிக்கிறவன் தடுமாறுகிறான்.

ராமராஜபகதூரில் திப்பு சுல்தானின் படையெடுப்பு (1789-90). இரண்டாம் பாகத்தில் தோற்றுப்போன சந்திரக்காரன் இதில் மாணிக்ககவுண்டன் என்று வேஷம் மாறித் திரும்பி வருகிறான். தர்மராஜாவில் ராயசம் பார்க்கும் வாலிபனாக வந்த கேசவ பிள்ளை இங்கே திவான். சரித்திரத்தில் ராஜா கேசவதாஸ் என்று நாம் படித்த அதே ஆள். விளவங்கோடு பக்கத்துக்காரர், பாறசாலையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே திப்பு, உள்ளே பழைய பகை. இரண்டையும் சேர்த்துத்தான் பைசல் செய்ய வேண்டியிருக்கிறது.

‘இது புத்தக டிரைலஜி, சினிமாவை அல்லவா கேட்டோம்’ என்பீர்கள். காட்ஃபாதரும் அப்புவும் ரிங்ஸும் புத்தகத்திலிருந்து வந்தவைதான். இதுவும் வந்திருக்க வேண்டியது.

1933-ல் வரவும் செய்தது. மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனை எடுத்த ஜே.சி.டானியலின் உறவினர் ஆர்.சுந்தர்ராஜ், நாகர்கோவில் ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ் பெயரில் மார்த்தாண்டவர்மாவைத் தயாரித்தார். பி.வி.ராவ் டைரக்ஷன். ஊமைப் படம், எழுத்து அட்டைகள் இங்கிலீஷிலும் மலையாளத்திலும். திருவனந்தபுரத்தில் திரையிட்டதும் கதையின் உரிமை எங்களுடையது என்று கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது. படம் நின்றது. மலையாள சினிமாவின் முதல் காப்பிரைட் வழக்கு அதுதான்.

வீட்டுக்கடன் பைலை எடுத்தால் நாங்கள் முதலில் பார்ப்பது மூலப்பத்திரம். வில்லங்கம் இருந்தால் மாளிகையாக இருந்தாலும் கடன் கிடையாது. மூலப்பத்திரம் சரியாக இல்லாததால் ஒரு சினிமா டிரைலஜி முதல் படத்தோடு முடிந்து போயிற்று.

ஆனால் பாருங்கள், வழக்கில் சிக்கியதால்தான் அந்தப் படம் பிழைத்தது. பிரதி பதிப்பகத்திடம் முடங்கிக் கிடந்து, 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப் படங்களில் இன்று பார்க்கக் கிடைக்கும் மிகச் சிலவற்றில் அது ஒன்று. விகதகுமாரனின் பிரதி எங்குமே இல்லை. டானியல் 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். கேரள அரசு அவர் பெயரில் விருது வைத்தது 1992-ல். 1956-ல் போட்ட எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் அவர் படம், அந்தப் பக்கம் அவர் ஊர். மார்த்தாண்டவர்மாவை வைத்து 1997-ல் லெனின் ராஜேந்திரன் ‘குலம்’ எடுத்தார், அதுவும் சுபத்திரை என்ற பாத்திரத்தை மையமாக வைத்து. தர்மராஜாவும் ராமராஜபகதூரும் பெரிய திரையைத் தொடவில்லை.

இதையெல்லாம் நான் எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் எல்லையோர ஊர்களில் பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் ஏராளம். எனக்குப் பள்ளியில் கிடைத்தது மார்த்தாண்டவர்மா. வீட்டில் பாட்டியிடம் கிடைத்தது தம்பிமார் கதை. அது வில்லுப்பாட்டு, தெக்கன் தமிழ். அதில் ராஜா தம்பிமாரின் தங்கையைப் பெண் கேட்கிறார். அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் உண்டா என்று அண்ணன்மார் கேட்கிறார்கள். இல்லை என்றதும் பேச்சு முறிகிறது, பகை மூள்கிறது, அந்தப் பெண்ணும் உயிரை விடுகிறாள். நாவலில் துரோகிகளாக வருகிற அதே தம்பிமார் வில்லுப்பாட்டில் அநியாயமாகச் செத்தவர்கள். வில்லடிக்கும் கோவில் முற்றத்தில் ஜனங்கள் அழுதது அவர்களுக்காக.

ஒரு கணக்குக்கு இரண்டு தரப்புச் சீட்டும் இருந்தால்தான் சரிபார்க்க முடியும். நம் பிள்ளைகளுக்கு கோண்டோர் ராஜாவின் வம்சாவளி பத்துத் தலைமுறை தெரிகிறது. தப்பில்லை, தெரியட்டும். தன் தாத்தா ஊரின் ராஜா எந்த மரத்தில் ஒளிந்தார், யாரை வென்றார், தோற்றவனின் பேரன் என்ன கேட்டு வந்தான் என்பதையும் ஒருமுறை கேட்கட்டும். ஜெயித்தவனின் கதையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை முதல் பாகத்தோடு தியேட்டரை விட்டு எழுந்து போன மாதிரி.

அடுத்த லீவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையில் திருவனந்தபுரத்தில் கிளம்பினால் முதலில் நெய்யாற்றின்கரை கோவில், பிலாத்தண்டு. பிறகு பாறசாலை, களியக்காவிளை தாண்டி பத்மநாபபுரம் அரண்மனை. நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளாவிடம். திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். மார்த்தாண்டவர்மாவின் தமிழ் மொழிபெயர்ப்பை சாகித்திய அகாதெமி போட்டிருக்கிறது; காரில் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் வழியிலேயே பாதிக் கதை ஆகிவிடும்.

டிஸ்கி: நான் இலக்கிய விமர்சகன் இல்லை. ராமராஜபகதூரின் சமஸ்கிருத மலையாளம் என்னையும் பல இடத்தில் மூச்சு முட்ட வைத்தது. காட்ஃபாதர் மூன்றாம் பாகம் நல்ல படம் என்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம், நான் ரெடி.