டியூபிங்கனிலிருந்து தில்லிக்கு: ஒரு நுண்ணுயிர் நஞ்சின் பயணம்

தில்லிப் பல்கலைக்கழகத்தின் தென்வளாகத்தில் தீபக் பென்டல் குழுவினர் உருவாக்கிய டி.எம்.எச்.-11 கடுகு குறித்த விவாதம் பெரும்பாலும் ‘அந்நிய மரபணு’ என்ற சொல்லைச் சுற்றியே நிகழ்ந்துவந்துள்ளது. அம்மரபணுக்களில் ஒன்று எங்கே, எதற்காகத் தோன்றியது என்பது அதிகம் பேசப்படவில்லை. அதன் பிறப்பிடம் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா.

1972இல் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ட்சேனரின் குழுவினர், ஸ்ட்ரெப்டோமைசீஸ் விரிடோகுரோமோஜெனஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் தேடியது நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்தை, களைக்கொல்லியை அன்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானின் மெய்ஜி செய்க்கா நிறுவனத்தாரும் வேறொரு ஸ்ட்ரெப்டோமைசீஸ் இனத்தில் அதே பொருளைக் கண்டறிந்தனர். பாஸ்பினோத்ரிசின் என்ற அமினோ அமிலம் இரண்டு அலனின்களுடன் பிணைந்த மூலக்கூறு அது; பயலாஃபோஸ் எனப் பெயர் பெற்றது. தாவர உயிரணு அலனின்களை வெட்டி நீக்கியவுடன் நஞ்சு விடுபடுகிறது. குளூட்டமேட்டை ஒத்த அதன் வடிவம், அம்மோனியாவைக் குளூட்டமினாக மாற்றும் நொதியை ஏமாற்றி அடைத்துவிடுகிறது. அம்மோனியா தேங்குகிறது, ஒளிச்சேர்க்கை நிற்கிறது, இலை கருகுகிறது.

ஜப்பானில் இது நொதித்தல் முறையில் தயாராகி விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனம் அதே அமிலத்தை ஆலையில் செயற்கையாகச் செய்து, குளூஃபோசினேட் என்ற பெயரில் உலகெங்கும் பரப்பியது. செயற்கைப் பொருளில் எல், டி என்னும் இரு வடிவங்களும் கலந்திருக்கும். எல்-வடிவமே களையைக் கொல்வது. பாக்டீரியாவோ எல்-வடிவத்தை மட்டுமே ஆக்குகிறது. ‘இயற்கை’, ‘செயற்கை’ என்ற பெயரட்டைகளை எளிதாக ஒட்டிவிடுவோர் இங்குச் சற்று நிதானிக்கலாம்.

தான் ஆக்கும் நஞ்சால் தான் மாயாதிருக்க, அந்த நுண்ணுயிர் அதனைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்றையும் வைத்திருக்கிறது. அதற்குரிய ‘பார்’ மரபணுவை 1987இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலிருந்த பிளாண்ட் ஜெனெடிக் சிஸ்டம்ஸ் ஆய்வாளர்கள் பயிர்களுக்குள் செலுத்திக் காட்டினர். 1990இல் அதே நிறுவனத்தார் பேசில்லஸ் பாக்டீரியாவின் பார்னேஸ் மரபணுவைக் கொண்டு மகரந்தம் உண்டாகாத செடிகளை ஆக்கினர். பின்னர் அத்தன்மையை மீட்க பார்ஸ்டார் வந்தது.

கடுகுக்கு இது பெரிய உதவி. ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இருப்பதால் அது பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். கலப்பின விதை ஆக்குவது கடினம். தில்லியில் பார்னேஸ் ஏற்றிய ‘வருணா’ இரகமும், பார்ஸ்டார் ஏற்றிய கிழக்கு ஐரோப்பிய வழிவந்த ‘ஏர்லி ஹீரா’வும் இணைக்கப்பட்டன. பார்னேஸுடன் ‘பார்’ பிணைந்திருப்பதால், விதைப் பண்ணையில் குளூஃபோசினேட் தெளித்தால் மகரந்தமுள்ள செடிகள் மடியும், மலட்டுச் செடிகள் நிற்கும். களைக்கொல்லி இங்கே நாற்றைத் தெரிவுசெய்யும் கருவியே.

ஆயினும் கருவி வயலுக்கும் போகிறது. உழவர் விதைக்கும் செடியிலும் ‘பார்’ உண்டு. ஆகவே அது களைக்கொல்லியைத் தாங்கும். 2022 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் அளித்தபோது, விதை உற்பத்திக்கு மட்டுமே தெளிக்கலாம், உழவர் வயலில் எந்நிலையிலும் கூடாது என்று நிபந்தனை விதித்தது. அனுமதியற்ற களைக்கொல்லி தாங்கும் பருத்தி மராட்டியம் முதலிய மாநிலங்களில் பரவியதைக் கண்ட பின், அந்நிபந்தனையை யார் காப்பார் என்ற கேள்வி வெறும் எதிர்ப்பரசியல் அன்று. பென்டல் தரப்பின் விளக்கம் அறிவியலளவில் சரி. எதிர்த்தோரின் அச்சம் நடைமுறையளவில் சரி.

2024 ஜூலை 23 அன்று உச்சநீதிமன்ற அமர்வு இரண்டாகப் பிரிந்தது. நீதிபதி நாகரத்னா ஒப்புதலை இரத்து செய்தார். நீதிபதி சஞ்சய் கரோல் அதனை ஏற்றார். மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் இருவரும் ஒத்தனர். வழக்கு, பெரிய அமர்வு அமைப்பதற்காகத் தலைமை நீதிபதியிடம் சென்றது.