"நாளையிலிருந்து கடைக்கு வர வேண்டாம்" என்றால் என்ன செய்வது?

"ஹஜ்ரத், பதினோரு வருசமா அந்தக் கடையிலதான் நின்னேன். நேத்து கணக்க முடிச்சு, நாளைல இருந்து வர வேண்டாம்னுட்டாரு." புளியங்குடியில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இப்படிப்பட்ட பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

ஜவுளிக்கடையோ எலுமிச்சை மண்டியோ, பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் வேலைக்குச் சேர்கிறோம். முதலாளி நம் ஜமாஅத்தார் என்றால் எழுதிக் கேட்பதையே அவமரியாதையாக நினைக்கிறோம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது என்பது ஏனோ மறந்துவிடுகிறது.

கடை ஊழியர்களுக்கென 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமின்றி நிறுத்தக் கூடாது என்கிறது அதன் 41ஆவது பிரிவு. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். திருட்டு போன்ற ஒழுங்கீனப் புகார் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். கல்லாவில் பணம் குறைகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பிவிடுவது விசாரணை ஆகாது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அதற்காக, மேனேஜர் என்று கூப்பிட்டதாலேயே ஒருவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். என்ன வேலை பார்த்தார் என்பதே கணக்கு.

நீக்கத்தை எதிர்த்து தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனு செய்யலாம். கெடு 30 நாள். நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஜமாஅத்தில் பேசி முடிக்கலாம் என்று காத்திருப்பார்கள். சமரசம் நல்லதுதான், நாமும் பல முறை உட்கார்ந்து பேசியிருக்கிறோம். ஆனால் முதலாளி உம்ராவுக்குப் போயிருக்கிறார், அடுத்த வெள்ளி பார்ப்போம் என்று தள்ளித் தள்ளியே கெடு தாண்டிவிடுகிறது. மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். பேச்சு முடிந்தால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

பாக்கிச் சம்பளம் வேண்டுமானால் இதில் கையெழுத்துப் போடு என்று நீட்டும் தாளையும் கவனியுங்கள். நானாகவே விலகுகிறேன் என்று அதில் இருந்தால், பிறகு நீக்கம் என்று வாதாடுவது மிகக் கடினம். வெற்றுத்தாள் அதைவிட மோசம்.

நியமனக் கடிதம் இல்லையே என்று பலரும் பயப்படுகிறார்கள். வங்கியிலோ ஜிபேயிலோ சம்பளம் வந்த பதிவு, கடை வாட்ஸ்அப் குழுவின் செய்திகள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், உடன் வேலை பார்த்தவரின் சாட்சி எல்லாமே உதவும். செல்போனை மாற்றும்போது இவற்றை அழித்துவிடாதீர்கள்.

பணிக்கொடை தனி விஷயம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடையில் ஐந்து ஆண்டு முடித்தவர், தானாகவே விலகியிருந்தாலும் அது உண்டு. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை வரும். 13,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு அது 7,500 ரூபாய். எட்டு ஆண்டுக்கு 60,000. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்தக் கணக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் மாறவில்லை.

ஜவுளிக்கடைகளில் நிற்கும் நம் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. கோழிக்கோட்டுப் பெண் ஊழியர்கள் போராடியதால் கேரளம் 2018இல் உட்கார்ந்து வேலை பார்க்கும் உரிமையைக் கொடுத்தது. தமிழ்நாட்டிலும் 2021இல் 22-ஏ பிரிவாக அது வந்துவிட்டது. வழக்கு என்று போனால், பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். நீதிமன்ற வளாகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.